வாசலைத் தாண்ட முடியாதவன் கோழையா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் இளைஞர்கள் சிலர் பொது மண்டபத்தில் திரை கட்டி ‘சிட்டாடெல்’ என்ற படத்தைப் போட்டார்கள். 2012-இல் வந்த ஐரிஷ் படம், குறைந்த செலவில் எடுத்தது. மனைவி தாக்கப்படுவதைக் கண்ணால் பார்த்த ஒருவன், அதற்குப் பிறகு கைக்குழந்தையோடு வீட்டுக்குள் முடங்கிப் போவதுதான் கதை. இந்த நோய்க்கு அகோராஃபோபியா என்று பெயர். வெளியே போனால் ஏதோ ஆகிவிடும், அப்படி ஆகிவிட்டால் தப்பிக்க வழியிருக்காது, உதவிக்கும் ஆள் இருக்காது என்று உடம்பே நடுங்கும். இந்தத் தடவை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பற்றியே இருப்பதால் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

த்ரில்லர் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். பாதிப் படம் வரை அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டே இருக்கிறான். பட்ஜெட் இல்லை என்பதை இப்படி இழுத்துத்தான் மறைக்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

தம்பி, அந்தக் கதவுதான் படமே. ஆரம்பத்தில் வரும் லிஃப்ட் காட்சியை நினைத்துப் பாருங்கள். வீட்டைக் காலி செய்து கிளம்புகிற நாள், அவன் லிஃப்டுக்குள் இருக்கிறான், கதவு திறக்கவில்லை, சின்னக் கண்ணாடி வழியாகத் தன் கர்ப்பிணி மனைவியை முகம் தெரியாத பிள்ளைகள் அடிப்பதைப் பார்க்கிறான். அந்தக் காட்சிக்கு என்ன பெரிய செலவு? ஒரு லிஃப்ட், ஒரு கண்ணாடி, நாயகனாக நடித்த அனெய்ரின் பார்னார்டின் முகம், அவ்வளவுதான். மண்டபத்தில் அந்த நேரம் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிவிட்டார்கள். காசில்லாத இயக்குநர்கள் இந்த நோயைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணமும் இதுதான். நாலு சுவர், ஒரு நடிகர், நல்ல ஒலி, இவை இருந்தால் போதும். மீதியைப் படம் பார்க்கிறவனின் பயமே பார்த்துக்கொள்ளும். இழுவை என்று நீங்கள் சொல்லும் அந்தப் பகுதிதான் எனக்குப் படத்தின் உயிர். பிற்பாதியில்தான் ஓட்டமும் சத்தமும் கூடி, சரக்கு குறைந்துவிட்டது.

நாங்கள் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள். பாம்பையும் பார்த்தோம், பன்றியையும் பார்த்தோம். ஓர் ஆம்பளை பஸ் ஏறப் பயப்படுவதைப் படமாக எடுத்து அதற்கு விருது வேறு கொடுத்திருக்கிறார்களாம். கோழையைக் கொண்டாடுகிற காலமா இது?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி

ஐயா, உங்கள் தைரியத்துக்கு முன்னால் நான் பேச ஒன்றுமில்லை. ஆனால் இது தைரியத்தோடு சேர்ந்த விஷயமே இல்லை. பாம்பைப் பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், பாம்பு போனதும் அடங்கிவிடும். இவர்களுக்குப் பாம்பே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. திடீரென்று மூச்சு முட்டும், கை மரத்துப் போகும், வேர்த்துக் கொட்டும், இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். சில நிமிஷத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். ஆனால் அது வந்த இடத்தை மூளை விடாது. பஸ்ஸில் வந்ததா, இனி பஸ் வேண்டாம். கடையில் வந்ததா, இனி கடை வேண்டாம். போகாமல் இருந்தால் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதியே அடுத்த தடவை இன்னும் போகவிடாமல் செய்கிறது. இப்படிச் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் வீட்டு வாசல்தான் எல்லை.

பஸ், ரயில் போன்றவை; திறந்த வெளி; கடை, சினிமா கொட்டகை மாதிரி மூடிய இடம்; வரிசை அல்லது கூட்டம்; தனியாக வெளியே போவது. இந்த ஐந்தில் இரண்டுக்காவது இப்படிப் பயம் வந்து, ஆறு மாதம் போல நீடித்து, வாழ்க்கையையே முடக்கினால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரை வைக்கிறார்கள். பெண்களுக்குக் கூடுதலாக வரும் என்பது உண்மைதான். ஆனால் 1871-இல் வெஸ்ட்பால் என்ற ஜெர்மன் மருத்துவர் பெர்லினில் முதன்முதலில் எழுதி வைத்த நோயாளிகள் மூன்று பேருமே ஆண்கள். இந்தப் படத்தை எடுத்த கியாரன் ஃபாய்க்கும் 18 வயதில் ஒரு கும்பலிடம் அடிபட்ட பிறகு இதே நோய் வந்திருக்கிறது. அதிலிருந்து மீண்டு வந்து, தன்னை நடுங்க வைத்ததையே கதையாக எழுதிப் படமும் எடுத்தவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் அக்கா போன வருஷம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மயக்கம் வருவது போல் ஆகி உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார், அப்புறம் கோயில், அப்புறம் கடை. இப்போது கேட்டைத் தாண்டுவதே இல்லை. மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டோம். படத்தில் வரும் பாதிரியார் அந்த நாயகனை இழுத்துக்கொண்டு போவது மாதிரி நாங்களும் ஒரு நாள் காரில் ஏற்றி நேரே டவுனுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் பயம் தெளிந்துவிடுமா?
– இல்லத்தரசி, தோட்டப்புறம்

அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படத்தில் ஒரே ராத்திரியில் பயத்தை ஜெயிக்கிறான். அது கதைக்கு வேண்டிய முடிவு. நிஜத்தில் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனால் அக்காவுக்கு அந்த டவுனோடு உங்கள் மீதும் பயம் வந்துவிடும்.

முதலில் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள், குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். தைராய்டு, ரத்தசோகை, இதயக் கோளாறு இருந்தாலும் இதே மாதிரி படபடப்பு வரலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அங்கிருந்தே மனநல மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். மனநலம் என்றதும் நம் ஆட்களுக்கு மனநல மருத்துவமனை இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் ஞாபகம் வந்துவிடுகிறது, அந்த ஊர்ப் பெயரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். அக்காவை யாரும் அங்கே படுக்க வைக்கப் போவதில்லை. பெரும்பாலும் வெளிநோயாளியாகவே வந்து போய்க் குணமாகிற நோய் இது. மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் வரைகூட வரமுடியாத நிலை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் முதலில் போனில் பேசட்டும்.

மாத்திரையைவிட முக்கியமானது படிப்படியாக வெளியே போகும் பயிற்சி. நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அக்காவையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், எது குறைந்த பயம், எது பெரிய பயம் என்று. கேட்டுக்கு வெளியே நிற்பது முதல் படியாக இருக்கலாம். அடுத்தது ரோட்டு முனை, அப்புறம் கூட்டமில்லாத நேரத்தில் மளிகைக் கடை, பாசார் மாலாம் கடைசிப் படி. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், ஏறட்டும். ஏறியதும் ஓடி வந்துவிடாமல் அது கொஞ்சம் இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும், இதுதான் மருந்து. ஒரே படியைப் பல நாள் செய்து அது சலித்துப் போன பிறகுதான் அடுத்தது. மருத்துவரோ ஆலோசகரோ கூட இருந்து திட்டம் போட்டுக் கொடுத்தால் ரொம்ப நல்லது. முதலில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பிறகு பத்தடி தள்ளி, பிறகு வீட்டுக்குள்.

கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அக்காவுக்கு அது தெம்பு தருகிறது என்றால் அவிழ்க்க வேண்டாம். ஆனால் “எல்லாம் உன் மனசுதான்”, “உனக்கு என்ன குறை?” இந்த இரண்டையும் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

ஹூடி (தலையை மூடும் மேல்சட்டை) போட்ட ஏழைப் பிள்ளைகளை மனிதப் பிறவியே இல்லாத மாதிரி காட்டிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகள் இருக்கும் அடுக்குமாடிக்கே நாயகனும் பாதிரியாரும் வெடி வைக்கக் கிளம்புகிறார்கள். கைதட்டிய நம் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது.
– ஓர் ஆசிரியை

டீச்சர், எனக்கும் அதே வருத்தம்தான். பயந்தவன் கண்ணுக்கு எதிரே வருகிறவன் எல்லாம் பேயாகத் தெரிவான் என்று அந்தப் பிள்ளைகளை அவன் பார்வையோடு நிறுத்தியிருந்தால் இது பெரிய படமாகியிருக்கும். அப்படி நிறுத்தாமல் நிஜமாகவே அவர்களைப் பிசாசாக்கிவிட்டார்கள். 2011-இல் இங்கிலாந்தில் கலவரம் நடந்து அடுத்த வருஷமே வந்த படம், அப்போது அங்கே ஹூடி போட்ட பையன் என்றாலே ஒதுங்கிப் போனார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இன்னும் உறுத்துகிறது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டு, அதையும் வீடமைப்புக்கு விற்று, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்களை மலிவு விலை அடுக்குமாடிக்கு அனுப்பியபோது அவர்களோடு திடலும் போகவில்லை, கோயில் மரத்தடியும் போகவில்லை. லிஃப்ட் பழுதானால் பழுதானதுதான். அங்கே வளர்ந்த பையன்களைத்தான் இன்று பார்த்தவுடன் கேங்ஸ்டர் என்கிறார்கள். 2015-இல் வந்த நம் மலேசியத் தமிழ்ப் படம் ‘ஜகாட்’ அதே மாதிரிச் சூழலுக்குள் போய், ஒரு பையன் ஏன் அந்தப் பக்கம் சாய்கிறான் என்று நின்று பார்த்தது. அதுவும் சின்னப் பட்ஜெட்தான். ஆக, காசில்லாததால் அந்தப் பிள்ளைகளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

இதே நோயை வைத்து வேறு படங்கள் இருக்கின்றனவா?
– வாசகர், சாலாக் வடக்கு

1995-இல் சிகோர்னி வீவர் நடித்த ‘காப்பிகேட்’, 2022-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த ‘கிமி’. இரண்டும் த்ரில்லர்தான். எனக்கு ‘கிமி’ கூடுதலாகப் பிடிக்கும்.

வெளியே வரப் பயப்படுகிற ஒருவருக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா? “உன்னை மாதிரி ஒருத்தன் இருக்கான் பார்” என்று சொன்னால் ஆறுதலாக இருக்காதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

சிலருக்கு ஆறுதலாக இருக்கும். திரையிடல் முடிந்ததும் ஒருவர் வந்து, தனக்கும் பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் ஆகும், இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை என்று பேசிவிட்டுப் போனார். ஆனால் அடிபட்டோ கொள்ளையில் மாட்டியோ பயம் வந்தவருக்கு அந்த லிஃப்ட் காட்சியைக் காட்டவே காட்டாதீர்கள். மற்றவர்களிடம் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, பகலில், வீட்டில், பக்கத்தில் இருந்து முதல் பாதியை மட்டும் போடுங்கள். நிறுத்து என்றால் உடனே நிறுத்துங்கள். இளைஞர்கள் அடுத்த படம் போடும்போது மண்டபக் கதவைத் தாழிடாமல் வைத்து, வாசல் பக்கம் நாலு நாற்காலியை ஒதுக்கினால் நல்லது. நடுவில் எழுந்து போகலாம் என்று தெரிந்தால்தான் இவர்களில் சிலராவது உள்ளே வந்து உட்காருவார்கள்.