வாசகர் கேள்வி பதில்: ஆய்வுகூடத்துக்கு இடம் எடுக்க முதல்

உயிரியல் தொழில்நுட்பம், மருந்து, உணவுப் பரிசோதனை போன்ற துறைகளில் சிறு நிறுவனம் தொடங்கும் வாசகர்கள், கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் வாடகைக்கு இடம் எடுப்பது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர் நுண்ணுயிரியல் படித்தவர்கள். சிலாபம், புத்தளம் பக்க இறால் பண்ணைகளுக்கு வெண்புள்ளி நோயை, டீ.என்.ஏ.யைப் பெருக்கிப் பார்க்கும் பீ.சீ.ஆர். முறையில் பார்த்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கப் போகிறோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், நாலாம் மாடியில் 1,200 சதுர அடி அலுவலகம் ஒன்று மலிவாக வருகிறது. ஆய்வுகூடமாக மாற்றலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் வேலைக்கு மாற்றலாம். கரைப்பான்களைத் திறந்து வைத்து வேலை செய்யும் இரசாயன ஆய்வுகூடம் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்போம், ஏனென்றால் நாலாம் மாடியிலிருந்து கூரைக்கு மேலே புகைக்குழாய் கொண்டுபோக வேண்டும். மேல்மாடிக்காரர் அதற்கு இலேசில் சம்மதிக்க மாட்டார். பீ.சீ.ஆர். வேலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்களுக்குத் தேவை மூன்று தனி அறைகள். முதலாவதில் வினைபொருள் கலவை தயாரிப்பது, இரண்டாவதில் மாதிரியிலிருந்து டீ.என்.ஏ. பிரிப்பது, மூன்றாவதில் பெருக்குவது. ஆளும் பொருளும் முதல் அறையிலிருந்து மூன்றாவதை நோக்கி மட்டும் போகலாம், திரும்பி வரக் கூடாது. மூன்றுக்கும் கோட்டும் பிப்பெட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். அலுவலகக் கட்டடங்களில் இங்கேதான் பிழை நடக்கிறது. ஒரே ஏ.சி. குழாய் எல்லா அறைக்கும் காற்றைச் சுற்றிவிடும். பெருக்கி முடிந்த குழாயில் கோடிக்கணக்கான டீ.என்.ஏ. பிரதிகள் இருக்கின்றன, மூடியைத் திறந்ததும் கிளம்பும் நுண்துளி முதல் அறைக்குப் போய்ச் சேர்ந்தால், நோயே இல்லாத இறாலுக்கும் நோய் உண்டு என்று முடிவு வரும். ஆகவே உங்கள் அறைகளில் பொதுக் குழாயை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஏ.சி. பூட்ட அனுமதி கேளுங்கள். முதல் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாகவும், மூன்றாவதில் குறைவாகவும் இருப்பது நல்லது.

அடுத்தது தரையின் பலம். அலுவலகத் தளங்கள் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 250 கிலோகிராம் அளவுக்கே கணக்கிடப்பட்டிருக்கும். ஆய்வுகூடத்துக்கு 400 முதல் 500 வரை வேண்டும். −80 பாகை பிரீசர் ஒன்று மாதிரிகளோடு 300 கிலோ வரை போகும், அது நிற்பதோ ஒரு சதுர மீற்றருக்கும் குறைந்த இடத்தில். சுவரோரம், தூணுக்கு அருகில், விட்டத்தின் மேல் வையுங்கள். இரண்டு பிரீசர்களை அறை நடுவில் அருகருகே வைக்க முதல் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டுங்கள்.

மின்சாரத்துக்கு, ஒருகட்ட 30 அம்பியர் இணைப்பு 7 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. மூன்று ஏ.சி., ஒரு ஆட்டோகிளேவ் (அழுத்தமான நீராவியில் கிருமியைக் கொல்லும் கலம்), ஒரு பிரீசர் சேர்ந்தால் அது போதாது. மும்மின்கட்டம் அந்த மாடிக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் வளர்ந்து 42 கே.வி.ஏ.யைத் தாண்டினால் மொத்த வழங்கல் வகைக்குப் போய்விடுவீர்கள்; அங்கே பாவித்த அலகுகளோடு உச்சக் கேள்விக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சாரத்துக்கும், தனியாகக் கட்டணம் உண்டு.

கடற்கரை என்பதால் இன்னும் இரண்டு விடயங்கள். உப்புக் காற்று ஏ.சி.யின் வெளி அலகை மிக விரைவில் அரிக்கும். அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கொயில் வாங்குங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மற்றது, மெரைன் டிரைவ் ஓரமாக ஓடும் ரயில். பீ.சீ.ஆர். இயந்திரம் அந்த அதிர்வைத் தாங்கும், நாலு தசமத் தராசு தாங்காது. ஒப்பந்தத்துக்கு முதல் ஒரு மாலை நேரம் தராசைக் கொண்டுபோய் வைத்து, ரயில் போகும்போது கடைசி இலக்கம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கட்டடத்தின் உட்பக்கத் தூணருகே கல் மேசை போட வேண்டும்.

கேள்வி: கட்டட உரிமையாளர் இது பசுமைக் கட்டடம், கூரையில் சோலார் இருக்கிறது, கரண்ட் பில் குறையும் என்கிறார். வாடகை மற்ற இடங்களைவிடக் கூட. எதைப் பார்த்து நம்புவது?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பசுமைக் கட்டடச் சபையின் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் அது அலுவலகமாக இயங்கிய கட்டடத்துக்குக் கொடுத்ததா என்று பாருங்கள். ஆய்வுகூடத்தின் மின்கட்டணம் வேறு இடத்தில் ஏறுகிறது: வெளிக்காற்றைக் குளிராக்கி, காயவைத்து உள்ளே விடுவதில்.

ஒரு கணக்கு. பியூம் ஹூட் என்பது இரசாயன ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டி. வெளி அகலம் ஒன்றரை மீற்றரும் வாய் அகலம் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றருமான ஹூட்டின் கண்ணாடியை 45 சென்ரிமீற்றர் உயர்த்தி, செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் காற்றை இழுத்தால், மணிக்கு ஆயிரம் கனமீற்றர் குளிரூட்டிய காற்று வெளியே போகும். அதற்கு ஈடாகக் கொழும்பின் 31 பாகை, 75 வீத ஈரப்பதனுள்ள காற்று உள்ளே வர வேண்டும். அதை 23 பாகைக்கும் 55 வீதத்துக்கும் கொண்டுவர ஏறத்தாழ 12 கிலோவாற்றுக் குளிர்ச்சி, அதாவது மூன்றரை ரொன் ஏ.சி. தேவை. மின்சாரமாக 4 கிலோவாற்று. இராப்பகலாக ஓடினால் நாளுக்கு 100 அலகு வரை, ஒரேயொரு ஹூட்டுக்கு. அதில் முக்கால் பங்குக்கு மேல் காற்றிலுள்ள ஈரத்தை வடிக்கவே செலவாகிறது. வடியும் நீரே மணிக்குப் பதின்மூன்று, பதினாலு லீற்றர் வரும். கழிவறைக்கு விடும் கட்டடமா, காணுக்குள் விடும் கட்டடமா என்றும் கேளுங்கள்.

ஆகவே முதல் கேள்வி: ஹூட்டின் காற்றோட்டம் கண்ணாடி இறங்கும்போது குறைகிறதா? எப்போதும் ஒரே அளவு இழுக்கும் பழைய வகையில் கண்ணாடியை மூடினாலும் ஒரு சதமும் மிச்சமாகாது. இரண்டாவது: ஆளில்லாத நேரத்தில் அறைக் காற்று மாறும் தடவையை மணிக்கு ஆறிலிருந்து நாலாகக் குறைக்க முடியுமா? மூன்றாவது: மத்திய ஏ.சி. மாலை ஆறு மணிக்கு நிற்கிறதா, அதற்குப் பிறகு மணிக்கு எவ்வளவு அறவிடுகிறார்கள்? உங்களுக்கென்று தனி மீற்றர் இல்லாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தால், நீங்கள் மிச்சம் பிடிப்பது பக்கத்து நிறுவனத்துக்கே போகும்.

பிரீசர்களைப் பொறுத்தவரை, பழைய −80 இயந்திரம் நாளுக்கு 20 அலகு வரை குடிக்கும். ஐதரோகாபன் குளிரூட்டி பாவிக்கும் புதியவை அதில் பாதியிலும் குறைவு. அந்த வெப்பம் முழுக்க அறைக்குள் வருவதால் ஏ.சி.க்கும் அதில் மூன்றிலொரு பங்கு கூடுதலாகப் போகும். மாதிரி அனுமதித்தால் −70இல் வையுங்கள். கட்டணமும் குறையும், கொம்பிரசரும் நீண்ட காலம் உழைக்கும்.

சோலார் பற்றி ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். மின்வலையோடு இணைந்த சாதாரண சோலார், மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது நல்ல வெயில் நேரம், ஆனாலும் பற்றரியில்லாத கூரைகள் எதையும் தரவில்லை. அதிகம் நிரப்பாத −80 பிரீசர் −50க்கு ஏற நாலைந்து மணி நேரமே எடுக்கும், ஏ.சி. இல்லாத அறையில் இன்னும் விரைவு. உங்கள் பிரீசர் செருகிகள் ஜெனரேட்டரின் அவசரச் சுற்றில் இருக்கின்றனவா, தானியங்கி மாற்றி எத்தனை செக்கனில் எடுக்கிறது, டீசல் எத்தனை மணிக்குப் போதும் என்பதை இடத்தைப் பார்க்கப் போகும்போதே பிரதான சுவிட்சை நிறுத்திக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மறுப்பவரிடம் இடம் எடுக்காதீர்கள்.

கேள்வி: சொந்தமாக ஆய்வுகூடம் போட ஒன்றரை வருடத்துக்குக் காசு போதாது. பகிர்ந்து பாவிப்பது சரிவருமா?
— வாசகர், வத்தளை

பதில்: பெரும்பாலானவர்களுக்கு அதுவே சரி. முதல் வருடத்தில் சொந்தமாகத் தேவைப்படுவது ஒரு மேசை, ஒரு பிரீசர் தட்டு, பூட்டுள்ள அலுமாரி. விலையுயர்ந்த பகுப்பாய்வுக்கு மாதிரியைக் கொடுத்து முடிவை வாங்குங்கள்: பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும், ஹோமாகம பிட்டிபனவிலுள்ள நனோ தொழில்நுட்ப நிறுவகமும் வெளி நிறுவனங்களுக்குப் பரிசோதனை செய்து கொடுக்கின்றன. மாதத்தில் சில தடவை ஓடும் எச்.பி.எல்.சி.யை (கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் இயந்திரம்) வாங்கி, அதற்கு அறையும் ஏ.சி.யும் கரைப்பானும் பராமரிப்பும் கட்டுவதைவிட இது பல மடங்கு மலிவு.

பகிரும் இடத்தில் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். இயந்திர நேரத்தை யார் முதலில் பதிவது. உங்கள் மாதிரிக்கு மற்றவரால் கேடு வந்தால் யார் பொறுப்பு. உங்கள் குறிப்பேடும் தரவும் யாருடையவை. கல வளர்ப்பு செய்பவர் பக்கத்தில் பூஞ்சை வேலை செய்பவர் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் போக வேண்டாம். கல வளர்ப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பக்றீரியாவுக்கான பரிசோதனை எத்தனை நாளுக்கொருமுறை நடக்கிறது என்ற கேள்விக்கு உடனே பதில் வராத இடமும் அப்படித்தான்.

கேள்வி: கழிவை என்ன செய்வது? வீட்டுக்காரர் "சிங்கில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கோ" என்கிறார்.
— வாசகி, தெஹிவளை

பதில்: விடாதீர்கள். கொழும்பு மாநகரக் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் குழாய் வழியாகக் கடலுக்குப் போகிறது. கழிவுநீர்க் குழாய் இல்லாத புறநகரில் நீங்கள் ஊற்றுவது மலக்குழியிலுள்ள பக்றீரியாவைக் கொன்று, பிறகு அயலவர் கிணற்றுக்குப் போகும்.

உயிரியல் கழிவை 121 பாகையில் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். புத்தகத்திலுள்ள 15 நிமிடம் சிறு குப்பிகளுக்கு. இறுக்கிக் கட்டிய கழிவுப் பைக்கு 45 முதல் 60 நிமிடம் வேண்டும், பையின் வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நீராவி நடுவுக்குப் போகாது. மாதம் ஒருமுறை வித்திப் பட்டியை (வெப்பம் தாங்கும் பக்றீரியா வித்திகள் உள்ள சோதனைப் பட்டி) நடுவில் வைத்துச் சோதியுங்கள். பிளீச் ஊற்றிய கழிவை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் கிளம்பும். டீ.என்.ஏ. பிரிக்கும் கிற்றுகளில் குவானிடின் தயோசயனேற்று உண்டு. அதில் பிளீச் பட்டால் சயனைட் வகை நச்சுவாயு வரும். அந்தக் கழிவுக்குத் தனிப் போத்தல், தனி லேபல்.

கரைப்பான்களை ஹலோஜன் (குளோரின் போன்றவை) உள்ளது, இல்லாதது என்று பிரித்து, அடியில் தட்டு வைத்துச் சேருங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுங்கள். புத்தளம் சீமெந்துச் சூளையில் இவற்றை எரித்து அழிக்கும் வசதி நாட்டில் இருக்கிறது. உங்கள் வேலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று பத்தரமுல்லையிலுள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கழிவுநீர் பெருமளவு வரும் உற்பத்தி என்றால் நகருக்குள் தேடுவதை விட்டு, மத்திய சுத்திகரிப்பு நிலையமுள்ள பியகம, சீதாவக வலயங்களைப் பாருங்கள்.

கேள்வி: குத்தகை ஒப்பந்தத்தில் எதை விடக் கூடாது?
— வாசகர், மாலபே

பதில்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும்; 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெறும் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு இலட்சக்கணக்கில் குழாயும் மேசையும் போடாதீர்கள். காணிப் பதிவகத்தில் பதிந்தால், கட்டடம் கைமாறினாலும் உங்கள் உரிமை நிற்கும்.

பாவனை என்ற இடத்தில் "அலுவலகம்" என்று இருந்தால் "ஆய்வுகூடம்" என்று மாற்றி, கட்டட இணக்கச் சான்றிதழும் அந்தப் பாவனைக்கு இடம் தருகிறதா பாருங்கள். எதனோலுக்கு மதுவரித் திணைக்களமும், அசற்றோன், தொலுயீன் போன்றவற்றுக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் கேள்வி கேட்கும்போது இந்த முகவரியும் பாவனையும் பொருந்த வேண்டும். கூரையில் குழாயும் வெளி அலகும் வைக்கும் உரிமை, எரிவாயு உருளைக்குக் கீழ்மாடியில் காற்றோட்டமான இடம், இரவில் நுழையும் உரிமை ஆகியவை தனி வாசகங்களாக வர வேண்டும். வாடகையோடு 18 வீத வற், பராமரிப்புக் கட்டணம், ஜெனரேட்டர் டீசல் எது சேர்ந்தது, எது சேராதது என்றும் எழுதுங்கள்.

கடைசியாக, வெளியேறும் வாசகம். "பழைய நிலைக்கு மீட்டுக் கொடுக்க வேண்டும்" என்ற ஒரு வரி, நீங்கள் போட்ட அத்தனையையும் உடைத்து அகற்றும் செலவை உங்கள் தலையில் வைக்கும். நுழையும் நாளில் படம் எடுத்து இணையுங்கள். மேசை, சிங்க், மின்சுற்று ஆகியவற்றை அடுத்த குத்தகைக்காரருக்கு விட்டுச் செல்லலாம் என்று எழுதுங்கள். நல்ல ஆய்வுகூட மேசையைக் குப்பையில் போடுவதைவிட வீண்செலவு வேறில்லை. கிருமிநீக்கம் செய்ததற்கான சான்றை யார் கொடுப்பது, முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் சேருங்கள்.

கேள்வி: பாவித்த உயிர்ப்பாதுகாப்புக் கபினட் ஒன்று விலைக்கு வருகிறது. புதிய இடத்தில் அப்படியே வைக்கலாமா?
— வாசகி, கல்கிசை

பதில்: வைக்கலாம். கிருமியோடு வேலை செய்யும்போது ஆளைக் காக்கும் பெட்டி இது, ஆனால் கிருமிநீக்கம் செய்த பிறகே இடம் மாற்ற வேண்டும், புதிய இடத்தில் காற்றோட்டத்தையும் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியையும் மீண்டும் சோதித்த பிறகே பாவிக்க வேண்டும். தூக்கிச் செல்லும்போது வடிகட்டியின் ஓரம் விலகுவது வழமை, கண்ணுக்குத் தெரியாது. கதவுக்கும் ஏ.சி. காற்று நேரே படும் இடத்துக்கும் தள்ளி வையுங்கள். அறைக்குள்ளேயே காற்றை விடும் வகையாக இருந்தால் அதற்குள் கரைப்பான் பாவிக்காதீர்கள். ஹெப்பா துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.