மியூனிக்கில் மாணவருக்கு வீடு: கேள்வி-பதில்

கேள்வி: அக்டோபரில் மியூனிக்கில் முதுகலை சேர்கிறேன். நகர மையத்தில் தனி வீடு, வாடகை 420 யூரோ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். உரிமையாளர் லண்டனில் இருக்கிறாராம். இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா? (கோவை வாசகர்)

பதில்: ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். அந்த வாடகைக்கு மியூனிக் மையத்தில் தனி வீடு கிடையாது; பகிர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறைக்கே அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில், சாவி கூரியரில் என்பது மோசடிக்காரர்களின் பழைய பல்லவி. அந்தப் பாஸ்போர்ட் பெரும்பாலும் முன்பு ஏமாந்த யாருடையதாவது இருக்கும். உங்கள் நகலைக் கொடுத்தால் அடுத்த ஆளுக்கு அதைத்தான் காட்டுவார்கள்.

நேரில் பார்க்க முடியாதபோது வீடியோ அழைப்பு கேளுங்கள். குழாயைத் திறந்து காட்டட்டும், ஜன்னல் வழியே தெருவைக் காட்டட்டும், கீழே இறங்கி அழைப்புமணிப் பலகையில் உள்ள பெயரையும் காட்டட்டும். ஜெர்மனியில் அடுக்குமாடி வீட்டுக்குக் கதவு எண் இருப்பது அரிது; தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். இதற்கெல்லாம் சாக்குச் சொல்கிற ஆளிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கேள்வி: அப்படியானால் ஊரில் இருந்துகொண்டே எப்படித்தான் வீடு பிடிப்பது?

பதில்: நிரந்தர வீட்டை ஊரிலிருந்தே முடிக்கப் பார்க்காதீர்கள். சேர்க்கைக் கடிதம் வந்ததுமே 'ஸ்டுடீரண்டன்வெர்க்' மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதுதான் மலிவு, ஆனால் மியூனிக்கில் காத்திருப்பு பல செமஸ்டர் நீளும். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு 'ட்ஸ்விஷன்மீட்டே', அதாவது யாராவது வெளியூர் போகும் இடைவெளியில் விடும் அறையை எடுங்கள். அங்கிருந்தபடி 'வேகே' எனப்படும் பகிர்வு வீடுகளை நேரில் போய்ப் பாருங்கள்.

அறை எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது: "இந்த முகவரியில் 'அன்மெல்டுங்' செய்யலாமா?" குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, விசா நீட்டிப்பும் சிக்கலாகும். "தங்கலாம், பதிய முடியாது" என்கிறவர் பெரும்பாலும் உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் உள்வாடகைக்கு விடுகிறார். அந்த இடம் எவ்வளவு மலிவானாலும் படிப்புக்காலம் முழுக்க நம்பி இருக்க முடியாது.

கேள்வி: ஒப்பந்தத்தில் 'கால்ட்', 'வார்ம்' என்று இரண்டு வாடகை போட்டிருக்கிறது. எதைக் கொடுக்க வேண்டும்?

பதில்: மாதாமாதம் கட்டுவது 'வார்ம்' வாடகை. வெறும் இடத்துக்கான 'கால்ட்' வாடகையோடு தண்ணீர், குப்பை, பொதுவாக வெப்பமூட்டும் செலவு ஆகியவை சேர்ந்தது அது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி. இந்தச் செலவுத் தொகை முன்பணக் கணக்குதான். ஆண்டுக் கணக்கு முடிந்து 12 மாதத்துக்குள் உரிமையாளர் கணக்கு காட்ட வேண்டும். ஹீட்டரைத் தாராளமாக ஓட்டியவருக்கு அப்போது கூடுதல் பில் வரும்.

வைப்புத்தொகை மூன்று மாத 'கால்ட்' வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போதுதான். சாவி வாங்கும் நாளில் சுவரின் ஓட்டை, தரையின் கீறல், மீட்டர் எண் எல்லாவற்றையும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எழுதாத கீறலுக்கு, காலி செய்யும்போது உங்கள் வைப்புத்தொகையில் கை வைப்பார்கள். தனி வீடு என்றால் சமையலறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுப்பும் சிங்க்கும்கூட இல்லாமல் வாடகைக்கு விடுவது அங்கே சகஜம்.

காலவரையற்ற ஒப்பந்தத்தில் காலி செய்வதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு. மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால் அந்த மாதமும் கணக்கில் வரும். காகிதத்தில் கையெழுத்திட்ட கடிதமாக இருக்க வேண்டும், மின்னஞ்சல் செல்லாது.