அப்பப்பாவின் றங்குப்பெட்டி: கேள்வி பதில்

மானிப்பாய் வாசகர்: அப்பப்பா மலாயா றெயில்வேயில் கிளாக்கர். அவருடைய சம்பளச் சீட்டு ஒன்றில் திகதி 2603 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 660ஐக் கழியுங்கள், 1943 வரும். அது யப்பான்காரரின் ஆண்டுக் கணக்கு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததும் ஊரின் பெயர் ‘ஷோனான்’ ஆனது, மணிக்கூடு தோக்கியோ நேரத்துக்குப் போனது, கடுதாசிகளில் வருடமும் மாறியது. சீட்டில் ஸ்டேஷன் பெயர் இருக்கிறதா? கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பிடுங்கி, 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா றெயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதை முடிந்தது 1943 ஒக்டோபரில். அப்பப்பா கிழக்குக்கரையில் இருந்தவர் என்றால், இடமாற்றக் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பேப்பரையும் தூக்கிப் பாருங்கள். சீட்டை லாமினேட் செய்யாதீர்கள்.

கோப்பாய்: யுத்தகாலத்து வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஒன்று இருக்கிறது. பேர் பொறிக்கவில்லை. போலியா?

பிரித்தானியர் அந்த நட்சத்திரங்களைப் பேர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். பிராஸோ போட்டு மினுக்க வேண்டாம்.

சுழிபுரம்: அம்மப்பாவிடம் நேதாஜி படமும் இந்திய சுதந்திர லீக் அட்டையும் இருந்தன. அவருடைய நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில் ‘ஐ.என்.ஏ. வீரர்’ என்று போடலாமா?

இவற்றை மட்டும் வைத்துப் போட முடியாது. லீக் வேறு, ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய இராணுவம் வேறு. சயாம் வேலைக்குப் பிடித்துப் போகாமல் இருக்கவே அட்டை எடுத்தவர்களும் உண்டு.

பருத்தித்துறை: லாமினேட் செய்தால் கறையான் அரிக்காதே?

மேலே சொன்னேன்.

சுழிபுரம் (மறுபடியும்): தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறீர்கள். அம்மம்மா பொய் சொல்வாரா?

தம்பி, அம்மம்மா பொய் சொன்னதாக நான் எங்கே சொன்னேன்? ‘நேதாஜியோடு இருந்தவர்’ என்று அவர் சொன்னார். அதை ‘துவக்குத் தூக்கியவர்’ ஆக்கியது நீங்கள். 1943 யூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் கூட்டத்துக்குப் போனவர்கள், நகை கழற்றிக் கொடுத்தவர்கள், படையில் சேர்ந்தவர்கள் எல்லோருமே ‘அவரோடு இருந்தவர்கள்’தான். ரெஜிமென்ட் பெயர் உள்ள ஒரு துண்டைக் காட்டுங்கள், கல்வெட்டுக்கு நானே எழுதித் தருகிறேன். கிளாக்கர் வேலை பார்த்துக்கொண்டு மரவள்ளிக் கிழங்கில் மூன்றரை வருடம் பிள்ளைகளை வளர்த்ததில் உங்களுக்கு என்ன குறை?

காரைநகர்: அப்பு யுத்தகாலத்தில் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் இருந்தவராம். 1942 கலகத்தில் சேர்ந்தவரா?

அந்த மே மாதக் கலகம் சிலோன் கரிசன் ஆட்டிலறி என்ற இலங்கைப் பீரங்கிப் படைக்காரருடையது. முதலில் அவர் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

நெல்லியடி: கிழிந்த இடத்துக்கு செலோரேப் ஒட்டலாமா?

வேண்டாம்! லாமினேட்டும் வேண்டாம்.

சாவகச்சேரி: 95 இடப்பெயர்வில் பெட்டியே போய்விட்டது. ஒரு கடுதாசியும் இல்லை.

உங்கள் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஊரில் பிறந்த பிள்ளை யாராவது உண்டா? பிறப்புப் பதிவில் தகப்பனின் தொழில் எழுதியிருக்கும். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பிள்ளை மலாயாவில் பிறந்திருந்தால் பதிவும் அங்கேதான். மூத்த பெரியம்மா எந்த வருடம், எங்கே பிறந்தவர்?