நெஞ்செரிச்சலும் இரவு உணவும்

கேள்வி: எனக்கு வயது 52. மளிகைக் கடை நடத்துகிறேன். இரவு 10.30 மணிக்குச் சாப்பிட்டு 11 மணிக்குப் படுத்தால் நெஞ்சு எரிகிறது. புளித்த நீர் தொண்டை வரை வருகிறது. எரியும்போது பாலும் பான்டோபிரசோல் மாத்திரையும் எடுக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். இரண்டு ஆண்டுகளாகியும் குணமில்லை. ஆயுள் முழுக்க மாத்திரைதானா?

பதில்: உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று இருக்கிறது, உணவு இறங்கியதும் இறுக மூடிக்கொள்ள வேண்டிய அது வேண்டாத நேரத்தில் தளரும்போது, இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது. நிமிர்ந்திருக்கும்வரை அமிலம் பெரும்பாலும் கீழேயே தங்கும். நிறைந்த வயிற்றோடு அரை மணி நேரத்தில் படுத்துவிடும் உங்களுக்கு அந்தத் துணையும் இல்லை. ஆகவே 8 மணிக்குக் கடையிலேயே இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுவிடுங்கள். அது வியாபார நேரம் என்பது தெரியும். இருந்தாலும் உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குலக் கட்டை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் உடல் மடங்கி வயிறு அழுந்தும். இடப்புறம் சாய்ந்து படுப்பது நல்லது.

பான்டோபிரசோல், அமிலம் சுரக்கும் செல்களில் உள்ள பம்ப்புகளை அடைக்கும் மருந்து. உணவு வரும்போதுதான் அவை மும்முரமாக வேலை செய்யும் என்பதால், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் அதை விழுங்க வேண்டும். எரியத் தொடங்கிய பிறகு விழுங்கினால் முழுப் பயன் கிடைக்காது. பால் சற்று நேரம் இதமளித்து, பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும். அம்லோடிபினும் அந்தத் தசையைத் தளர்த்தக்கூடியதுதான். அதை நீங்களாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் இந்த எரிச்சலைச் சொல்லி மாற்று மருந்து பொருந்துமா என்று கேளுங்கள்.

பான்டோபிரசோலை மருத்துவர் சொல்லும் முறையில் தினமும் எடுத்துக் குணமான பிறகு, உணவுக்குழாயில் கடும் புண் இல்லாத பலரால் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிகிறது. இரண்டு ஆண்டுகளாக நீடிப்பதால் ஒருமுறை என்டாஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்து பார்ப்பது நல்லது. விழுங்கும்போது உணவு அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ தள்ளிப்போடவே கூடாது.

வியர்வையோடு நெஞ்சை இறுக்கிப் பிடித்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ள உங்களுக்கு அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.