வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: "பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம்" என்று சாதிக்கிறார் என் மைத்துனர். என்ன சொல்வது?

பதில்: சூரியன் காரணமென்றால் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டுமே! தரையோரம் சூடேற, மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டே வருகிறது; கரியமில வாயு பெருகியதன் கைரேகை அது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்தும் சூரிய வெப்பத்தில் ஏறுமுகம் இல்லை. ஆனால், தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

கேள்வி: பிஸ்கட் பாக்கெட் அதே 10 ரூபாய், எடை மட்டும் இளைக்கிறதே?

பதில்: வயிறெரிவது நியாயமே. 75 கிராம் 60 ஆனால், கிராம் விலை 25 சதவீதம் ஏறுகிறது. எம்ஆர்பி அருகே பொடி எழுத்தில் ஒரு கிராமின் விலை இருக்கும். அதை ஒப்பிட்டு வாங்குங்கள். அச்சிட்ட எடையே குறைந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யுங்கள்.