மீன் தீவனத்துக்கு மாற்று: பண்ணைக்குட்டைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மன்னார்குடி: அண்ணே, குட்டையில் ரோகு, கட்லா, மிர்கால் விட்டிருக்கிறேன். கடைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியை மட்டும் போட்டு ஒப்பேற்றிவிடலாமா?

முடியாது தம்பி. "25 சதவீதம் புரதம்" என்று யூடியூபில் சொல்வது காய்ந்த அசோலாவுக்கு. பச்சையில் பெரும்பகுதி தண்ணீர். 10 கிலோ அள்ளிப் போட்டால் காய்ந்த எடை அரை கிலோதான் தேறும். அதில் புரதம் 125 கிராம் இருக்கும். 300 கிராம் கடலைப் புண்ணாக்கிலேயே அது கிடைத்துவிடும். புல்கெண்டை நாலைந்து விட்டிருந்தால் அசோலாவை விரும்பித் தின்னும், அதற்குப் போடுங்கள். கட்லா சீந்தாது.

உங்கள் மூன்று மீனுக்கும் மலிவான தீவனம் குட்டைத் தண்ணீரிலேயே இருக்கிறது. சாணம் கரைத்து விட்டு நுண்ணுயிர்களைப் பெருக்குங்கள். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை லேசாகத் தெரிய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் சாணத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்புறம் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி. கலவையில் சுமார் 27 சதவீதம் புரதம் வரும், கெண்டைக்கு அது போதும். அள்ளி வீசாமல், ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுங்கள். ஆந்திராக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். வீணாவது குறையும்.

பட்டுக்கோட்டை: புண்ணாக்கில் பூசணம் பிடித்துவிட்டது. காயவைத்துப் போடலாமா?

வேண்டாம். வெயிலில் பூசணம் உதிரலாம், அஃப்லாடாக்சின் நஞ்சு உள்ளேயே இருக்கும். அது மீனின் ஈரலைக் கெடுக்கும்.

திண்டுக்கல்: சார், விரால் வளர்க்கிறேன். மீன்தூளுக்குப் பதில் பி.எஸ்.எஃப் (பிளாக் சோல்ஜர் ஈ) புழு கொடுக்கலாமா?

நல்ல கேள்வி. விரால் புலால் உண்ணி, 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்கும். புண்ணாக்கை நம்பி விரால் வளர்க்க முடியாது. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவைக் காயவைத்தால் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். காய்கறிச் சந்தைக் கழிவிலேயே இரண்டு, மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-லேயே மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்துவிட்டது.

ஆனால் புழுவில் கொழுப்பும் அதிகம். அரைத்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அதில் இல்லாத குறைதான். அதனால் மீன்தூளில் கால் பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள், எடை குறையவில்லை என்றால் கூட்டலாம். கடலில் பிடிக்கும் மத்தியை அரைத்துக் குளத்து மீனுக்குப் போடுவது எத்தனை நாளைக்கு ஓடும் என்று எனக்கும் சந்தேகம்தான்.

ஈரோடு: பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது...

கொஞ்சம் சேர்க்கலாம். அதில் காசிபோல் என்ற நஞ்சு உண்டு, அதனால் கடலைப் புண்ணாக்குக்கு முழு மாற்றாக வேண்டாம். சினை மீனுக்கு அறவே கொடுக்காதீர்கள்.

கும்பகோணம்: சூபாபுல் (சவுண்டல்) இலை?

பச்சையாகக் கூடாது, மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உலர்த்தித் தவிட்டோடு சிறிதளவு. முருங்கை இலை மீந்தால் அதுவே மேல்.