மூக்கில் ரத்தம் சொட்டும் பட்டி நாய்: உண்ணியா, எலிமருந்தா?

கேள்வி: எங்கள் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக மூன்று வயது ஆண் நாய் இருக்கிறது. பெயர் மணி. ஐந்து நாட்களாக அதன் மூக்கில் ரத்தம் வருகிறது. முதல் நாள் வலது பக்கம் மட்டும் சொட்டியது, இப்போது இரண்டு பக்கமும். தும்மினால் சுவரில் தெறிக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது, மறுபடி இரவில் தொடங்குகிறது. அடிபட்டதாகத் தெரியவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது. ஆடுகளோடு ஓடாமல் படுத்தே கிடக்கிறது. இரண்டு மாதம் முன்பு காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் நிறைய உண்ணி இருந்தது, பிடுங்கிப் போட்டோம். இரண்டு வாரம் முன்பு வரப்பு ஓரமாக எலிமருந்து வைத்தோம். வெயில் தாங்காமல் வருகிறது, தலையில் தண்ணீர் ஊற்றுங்கள் என்கிறார்கள் சிலர். மூக்குக்குள் ஏதாவது புகுந்திருக்குமோ என்றும் சந்தேகம். என்ன காரணம்? ஆடுகளுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றுமா?

பதில்: முதலில் வெயிலை விட்டுவிடுங்கள். வெப்பத் தாக்கு கடுமையானால் நாய்க்கு ரத்தப்போக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலைக்குப் போன நாய் அன்றைக்கே விழுந்துவிடும், ஐந்து நாள் நடமாடிக்கொண்டிருக்காது.

உங்கள் கடிதத்தில் மூன்று தடயங்கள் இருக்கின்றன: உண்ணி, எலிமருந்து, ஒரு பக்கத்தில் தொடங்கி இரு பக்கமும் ஆனது. என் சந்தேகம் முதலில் உண்ணி மீதுதான். ஆனால் முதலில் சோதித்து விலக்க வேண்டியது எலிமருந்தை. உண்ணிக் காய்ச்சல் சில நாள் அவகாசம் தரும், எலிமருந்து தராது. அதனால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மணியின் ஈறு வெளுத்திருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுந்திருக்கத் தடுமாறினாலோ மீதியை அப்புறம் படிக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் நம் கண் மூக்கிலேயே நிற்கிறது. மருத்துவர் யோசிப்பது வேறு மாதிரி: மூக்குக்குள் ஏதோ கிழிந்திருக்கிறதா, அல்லது உடம்பு முழுக்க ரத்தம் உறையாமல் போய், மெல்லிய தோல் உள்ள மூக்கில் முதலில் தெரிகிறதா? இந்தக் கேள்விக்கு விடை மூக்கில் கிடைக்காது, உடம்பின் மற்ற இடங்களில்தான் தேட வேண்டும். அதை வீட்டிலேயே பாதி செய்துவிடலாம்.

நல்ல வெளிச்சத்தில் மணியை நிறுத்தி மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். அப்புறம் ஈறிலும் உதட்டின் உட்பக்கத்திலும் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். அடுத்து மல்லாக்கப் படுக்க வைத்து, முடியில்லாத அடிவயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே உள்ள சிவப்புப் புள்ளி பூச்சிக் கடியா, தோலுக்கடியில் ரத்தக் கசிவா என்று பிரிக்க ஒரு வழி உண்டு: கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகத்தை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். கடித்த தடிப்பு வெளுத்து மறையும், ரத்தக் கசிவு கண்ணாடிக்குள்ளும் சிவப்பாகவே தெரியும்.

இந்தச் சின்னப் புள்ளிகள் ஏன் இவ்வளவு முக்கியம்? ரத்தக் குழாயில் நுண்ணிய ஓட்டை விழுந்தால் முதலில் ஓடிவந்து அடைப்பவை பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். அதன் பிறகுதான் கல்லீரல் தயாரிக்கும் உறைபொருட்கள் வந்து அடைப்பைக் கெட்டியாக்குகின்றன. களிமண்ணை அப்பி நிறுத்திவிட்டு மேலே சிமென்ட் பூசுகிற மாதிரி. தட்டணு குறைந்தால் ஊசிமுனைப் புள்ளிகள், ஈறுக் கசிவு, மூக்கில் ரத்தம் என்று மேலோட்டமாகவே கசியும். உறைபொருள் தீர்ந்தால் கதை வேறு. தோலுக்கடியில் பெரிய ரத்தக் கட்டு, மூட்டு வீக்கம், நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ரத்தம் தேங்குதல் என்று பெரிதாகப் போகும். உண்ணிக் காய்ச்சல் அடிப்பது பெரும்பாலும் தட்டணுவை. எலிமருந்து அடிப்பது உறைபொருளை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மருத்துவர் எடுக்கும் ஒவ்வொரு சோதனையும் எதற்கு என்று உங்களுக்கே புரியும்.

எலிமருந்து விஷயத்துக்கு வருவோம். நீங்கள் வைத்தது எது என்று பெட்டியைப் பாருங்கள். புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் போன்ற பெயர் இருந்தால் அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. துத்தநாக பாஸ்பைடு என்றிருந்தால் அது சில மணி நேரத்திலேயே வாந்தி, வலிப்பு என்று காட்டிவிடும் விஷம். அதைத் தின்ற நாய் இரண்டு வாரம் கழித்து மூக்கில் ரத்தத்தோடு வராது. உறைவுத் தடுப்பு வகையில் தின்ற அன்று நாய் ஜம்மென்று இருக்கும். உடம்பில் ஏற்கெனவே உள்ள உறைபொருள் தீரும்வரை எதுவும் தெரியாது. வழக்கமாக மூன்று முதல் ஐந்து நாளில், சிலவற்றுக்கு ஒரு வாரத்தில், ரத்தப்போக்கு தொடங்கும். வைத்து இரண்டு வாரம், ரத்தம் தொடங்கி ஐந்து நாள் என்கிறீர்கள். அப்படியானால் வைத்த ஒன்பதாம் நாள் வாக்கில் ஆரம்பித்திருக்கிறது. வைத்த அன்றே தின்றிருந்தால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. நான்கைந்து நாள் கழித்து மீதியைத் தின்றிருந்தால் சரியாகப் பொருந்துகிறது. வைத்த கட்டிகளை எண்ணிப் பாருங்கள், குறைகிறதா? செத்த எலியைத் தின்றும் விஷம் ஏறலாம். ஆனால் ஒரு எலியால் பெரிய நாய்க்கு இந்த அளவுக்கு ஆவது அபூர்வம்.

இதற்கு முறிவு வைட்டமின் கே1. மருத்துவர் தரும் அளவில், கொழுப்புள்ள உணவோடு, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். புதிய வகை எலிமருந்து உடம்பில் அவ்வளவு நாள் தங்கும். இரண்டு நாளில் ரத்தம் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் மறுபடி தொடங்கும். வைட்டமின் கே3 என்று வேறொன்று உண்டு, இதற்கு அது பயன்படாது. பெட்டியை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது பாதி நோயறிதல்.

இனி உண்ணி. நாயின் மேல் ஏறும் பழுப்பு நிற நாய் உண்ணி, எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவைச் சுமக்கிறது. அது ரத்த வெள்ளணுக்களுக்குள் குடியேறி, தட்டணுக்களை அழிய வைக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் ஏராளமாகச் செத்தது இந்த நோயில்தான். அங்கேயும் கண்ணில் பட்ட அடையாளம் மூக்கில் ரத்தம். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, கழுத்தில் நெறி கட்டுதல் என்று ஒரு சுற்று வரும். பல நாய்களில் அது தானாக அடங்கிவிடும், வீட்டில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் கிருமி மண்ணீரலில் பதுங்கிக்கொண்டு, மாதங்கள் அல்லது வருடங்கள் கழித்துக்கூட மறுபடி தலைதூக்கும். ஆகவே இரண்டு மாதம் முன்பு உண்ணியைப் பிடுங்கியாயிற்றே என்பது மணிக்குச் சாதகமான வாதம் அல்ல, எதிரான வாதம். உண்ணி தோலில் ஒட்டிய சில மணி நேரத்திலேயே கிருமி இறங்கிவிடுகிறது. சாப்பாடு குறைந்தது, படுத்தே கிடப்பது இரண்டும் இதோடு ஒத்துப்போகின்றன. கீழ்த்தாடை மூலையிலும் பின் முழங்காலின் பின்பக்கத்திலும் நெறி உருண்டையாகத் தட்டுப்படுகிறதா, கண் மங்கலாக அல்லது சிவப்பாக இருக்கிறதா என்றும் பார்த்துவையுங்கள்.

மூக்குக்குள் ஏதாவது புகுந்திருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. புல் முள் ஏறினால் திடீரென்று, அடுக்கடுக்காகத் தும்மும், காலால் மூக்கைப் பிறாண்டும், ஒரு பக்கம்தான் ஒழுகும். குட்டை ஓடையில் தண்ணீர் குடிக்கும் நாய்க்கு மூக்கில் அட்டை ஏறுவதும் உண்டு. குடிக்கக் குனியும்போது கறுப்பாக ஏதோ எட்டிப்பார்த்து உள்ளே போகும், விட்டு விட்டு ரத்தம் வரும். கட்டி என்றால் பெரும்பாலும் வயதான நாய், மெதுவாக முகம் ஒரு பக்கம் புடைக்கும். பூஞ்சணம் என்றால் துவாரத்தின் ஓரம் நிறம் வெளுத்துப் புண்ணாகும். மேல் கோரைப்பல் வேர் சீழ் பிடித்தும் மூக்கு ஒழுகும். இவை எதிலும் நாய் மூன்று வயதில் இப்படிச் சட்டென்று துவண்டு விழுவது வழக்கமில்லை. மணிக்கு இரு பக்கமும் ஆகிவிட்டது என்பதும் இவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வந்தால் உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் ஒரு துவாரத்தில் தொடங்கலாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் பாம்பு கடித்தாலும் ரத்தம் உறையாமல் போகும். அதில் கடித்த இடம் மளமளவென்று வீங்கிவிடும் என்பதால் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மலம் தார் மாதிரி கறுத்திருந்தால் பதற வேண்டாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்கு ரத்தத்தை விழுங்கினாலும் கறுக்கும், குடலில் கசிந்தாலும் கறுக்கும்.

மருத்துவரிடம் இரண்டு சோதனை போதும், கதை பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒன்று, தட்டணு எண்ணிக்கை. ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருக்கும். இயந்திரம் தரும் எண்ணை மட்டும் நம்பாமல் ரத்தத் தடவலைக் கண்ணாடித் தகட்டில் பார்க்கச் சொல்லுங்கள், தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டால் இயந்திரம் குறைத்துக் காட்டும். இரண்டு, ரத்தம் உறையும் நேரம். தட்டணு மிகக் குறைவு, உறையும் நேரம் சரி என்றால் உண்ணிப் பக்கம். தட்டணு ஓரளவு சரி, உறையும் நேரம் எக்கச்சக்கமாக நீண்டிருந்தால் எலிமருந்து. தடவலில் கிருமியே தெரிவது அதிர்ஷ்டம், தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. உடனடி கிட் சோதனை கிருமியைக் காட்டாது, அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும். நோயின் முதல் வாரங்களில் இல்லை என்று வரலாம். குணமான பிறகும் மாதக்கணக்கில் இருக்கிறது என்றே வரும்.

உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானால் வழக்கமான மருந்து டாக்சிசைக்ளின், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாட்கள். மணியின் எடையைப் போட்டு மருத்துவர் எழுதித் தருவார். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், எனவே உணவோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வையுங்கள். ஆரம்ப நிலை என்றால் இரண்டு மூன்று நாளிலேயே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட வரும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். மூன்று நாளில் துளியும் மாற்றமில்லை என்றால் திரும்ப அழைத்துப் போங்கள். அதே உண்ணி சுமக்கும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் கூடவே இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. எலும்பு மஜ்ஜை வரை போய்விட்ட நாட்பட்ட நோய் என்றால் தேறுவது கடினம், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போகும்வரை செய்ய வேண்டியவை: நிழலில் அமைதியாகக் கட்டிப் போடுங்கள், கழுத்துப் பட்டையை இழுக்க வேண்டாம். மூக்குத் தண்டின் மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். துவாரத்தில் பஞ்சு, பொடி எதையும் திணிக்காதீர்கள், தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். கடிக்கும் என்று வாயைக் கட்டவே கட்டாதீர்கள், மூக்கு அடைத்த நாய்க்கு வாய்தான் மூச்சு. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் என்று மனிதர் மாத்திரை ஒன்றும் வேண்டாம். முதல் இரண்டும் தட்டணுக்களை இன்னும் முடக்கும். ரத்தம் உறையாத நாய்க்குத் தசையில் ஊசி போட்டால் அங்கேயே ரத்தம் கட்டும், ஆகவே போனவுடன் ஊசிக்கு முன்பே ரத்தப்போக்கைச் சொல்லிவிடுங்கள்.

தொற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். மணியின் மூக்கு ரத்தத்தைத் தொட்டதால் ஆட்டுக்கோ ஆளுக்கோ இது ஒட்டாது, உண்ணி வழியாகத்தான் பரவும். பழுப்பு நாய் உண்ணிக்கு நாய்தான் பிடித்த வீடு, ஆட்டின் மேல் நீங்கள் காண்பது பெரும்பாலும் வேறு இனம். இருந்தாலும் உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். மனிதருக்கு வரும் வேறு காய்ச்சல்களையும் அது சுமக்கும். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பிடுங்கிப் போட்டோம் என்று எழுதியிருந்தீர்கள், எங்கே போட்டீர்கள்? முட்டை நிறைந்த பெண் உண்ணி தரையில் விழுந்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இந்த உண்ணி குஞ்சு, இளம்பருவம், முதிர்ந்தது என்று மூன்று முறை நாயின் மேல் ஏறி மூன்று முறை இறங்கும். இறங்கினால் சுவர் விரிசல், கூரை இடுக்கு, மரக்கட்டையின் அடி என்று ஒளிந்து மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். படுக்கும் இடத்தின் விரிசலைப் பூசி, சாக்கு விரிப்பை எரித்து, தரையோடு சேர்த்துச் சுவர் மேல்பகுதிக்கும் மருந்தடித்து, சில வாரம் கழித்து மறுபடி அடியுங்கள். அடித்த மருந்து காயும்வரை நாயையும் ஆட்டையும் உள்ளே விடாதீர்கள். நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு மருந்தோ, ஃப்ளுராலனர் போன்ற மாத்திரையோ மருத்துவர் சொல்வார். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், உண்ணிக்கு முன்னால் நாய் போய்விடும். ஒருமுறை வந்து குணமான நாய்க்கு எதிர்ப்பு சக்தி நிலைப்பதில்லை, மறுபடி கடித்தால் மறுபடி வரும். மாத்திரை முடிந்த பிறகு ஒரு முறை தட்டணு எண்ணிக்கை எடுத்துப் பாருங்கள். கிட் சோதனையை அப்போது திரும்பச் செய்து காசை வீணாக்க வேண்டாம். வரப்பில் மிச்சமிருக்கும் எலிமருந்துக் கட்டிகளை இன்றைக்கே பொறுக்கி எடுத்துவிடுங்கள், இனி வைத்தால் நாய் மூக்கு நுழையாத மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.